முதல் வரிசை, இடது ஜன்னல்

குணாளன் வேனின் இருக்கைப் பட்டியலைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டபோது முத்தாயி மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பதினான்கு பேர் உட்காரும் வேன். விடிவதற்கு முன் மந்தினிலிருந்து கிளம்பி, பத்தரை முகூர்த்தத்துக்குப் பினாங்கு போய்ச் சேர வேண்டும். குணாளனின் மகன் வசந்தனுக்குக் கல்யாணம். பெண்ணுக்குப் பினாங்கு.

பட்டியல் சுத்தமாக எண் போட்டு இருந்தது. முதல் எண், டிரைவருக்குப் பக்கத்து இருக்கை: குணாளன். அடுத்து மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய் தனலெட்சுமி, சீர்த்தட்டைப் பிடிக்கும் பெண்கள். இப்படியே இறங்கிப் போய்ப் பதினான்காம் எண், கடைசி வரிசை, ஐஸ் பெட்டிக்கும் உபரி டயருக்கும் நடுவில்: அண்ணி.

மகள் லோகேஸ்வரி போனை நீட்டினாள். முத்தாயி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கி இடது கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வலது கண்ணில் பால் நிறத்தில் ஒரு படலம். அந்தக் கண் முப்பத்தைந்து வருடமாக எதையும் பார்ப்பதில்லை.

"பேரு கூடப் போடல."

"அண்ணின்னு போட்டுருக்காரும்மா."

"அண்ணிய டயரோட சேத்துப் போட்டுட்டானா? சரி, போன் போடு அவனுக்கு."

குணாளன் முத்தாயியின் கொழுந்தன். அவளுடைய புருஷன் அர்ச்சுனன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அர்ச்சுனன் இருந்தவரை அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற குணாளன், இப்போது குடும்பத்துக்குத் தலைவர். எந்த விசேஷமானாலும் முதலில் பட்டியல் போடுவார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி," என்றார் போனில். "சீர்த்தட்டு முன்னால வருது. நல்ல காரியத்துக்குக் கெளம்புற காடி. அண்ணனும் இல்ல, நீங்க முன்னால உக்காந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. சம்பிரதாயம் லா. நான் என்ன பண்றது?"

"அந்த நாலு பேரு யாரு?"

"அண்ணி..."

"பேரச் சொல்லு. மொத்தமே பதினாலு பேருதான போறீங்க. அதுல நாலு பேரு யாருன்னு சொல்லு."

குணாளன் சிரித்து மழுப்பினார். "பின்னால ஏர்கோன் நல்லா வரும் அண்ணி."

முத்தாயி போனை மகளிடம் கொடுத்துவிட்டு மீனுக்கு மஞ்சள் தடவினாள். எண்ணெய் காய்ந்தது. நாலு மீன் பொரிகிறவரை பேசவில்லை. பேசாத முத்தாயியைக் கண்டால் லோகேஸ்வரிக்குப் பயம். சண்டை போடும்போது அவள் அவ்வளவு ஆபத்தில்லை.

"பினாங்குக்குப் பிளேன் போவுதுல்ல?"

"போவுது."

"அதுல முன் சீட்டு உண்டுல்ல? பெரிய சீட்டு. திரை போட்டிருப்பானாமே."

"பிஸினஸ் கிளாஸு. அம்பத்தஞ்சு நிமிஷந்தாம்மா பறக்கும். பெல்ட்டப் போட்டுக் கழட்டுறதுக்குள்ள எறங்கிரலாம். அந்த நேரத்துக்குப் போயி யாராச்சும்..."

"லோரி எவ்ளோ நேரம் ஓடிச்சு, தெரியுமா?" முத்தாயி மீனைத் திருப்பிப் போட்டாள். "இருவது நிமிஷம்."

லோரிக் கதை லோகேஸ்வரிக்குத் தெரியும். அம்மா ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் முறை கேட்கத் தேவைப்படாத கதை.

முத்தாயி பிறந்தது போர்டிக்சன் சாலையில் எட்டாங்கட்டைத் தோட்டத்து லயத்தில். நான்காம் வகுப்பு வரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பதினைந்து வயதில் வெளிக்காட்டு வேலை. ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு மருந்தடிக்கும் வேலைக்குப் போட்டார்கள். முதுகில் பம்பு, கையில் குழாய், மரத்தைச் சுற்றி வட்டமாகக் களைக்கொல்லி. ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று கேட்டால், "மரத்தக் கேளு" என்பாள்.

எண்பத்தொன்பதில் ஒருநாள் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டது. மருந்து நேராக வலது கண்ணில் அடித்தது. பக்கத்தில் இருந்தது சாக்கடைத் தண்ணீர்தான். அதில் கழுவினாள். ஆட்களை ஏற்றும் லோரி காட்டோரத்தில் நின்றது. டிரைவர் காதர் மைதீன் நல்ல மனிதர். அவளைப் பார்த்ததும் முன் கதவைத் திறந்து, "ஏறும்மா, சீக்கிரம்" என்றார். அந்த இருக்கை தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியுடையது. அதில் கூலியாட்கள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

முத்தாயி ஏறி உட்கார்ந்தாள். இடது ஜன்னல் பக்கம். கண்ணில் தீ.

கிராணி தங்கராஜு காட்டுக்குள்ளிருந்து வந்தார். அவரும் தமிழர்தான். கதவைத் திறந்தார்.

"எறங்கு. சீட்டெல்லாம் மருந்து நாறும்."

அவள் இறங்கினாள். பின்னால் ஏறி, மற்ற பெண்களோடு நின்று, ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் கண்ணையும் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் போனாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள். மறு வாரம் சிரம்பானில் பெரிய டாக்டர், தாமதம் என்றார். லோகேஸ்வரிக்கு அப்போது ஒரு வயது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் ஏணைத் தொட்டிலில் கிடந்தாள்.

"அவன் சொன்னதுகூடப் பெருசு இல்லடி," என்று முத்தாயி அன்று கதையை முடித்திருந்தாள். "நாயி கொரைக்கிறது எப்பவும் உள்ளதுதான். நான் எறங்குனேன் பாரு. ஒரு வார்த்த கேக்கல. ஏன்னு கேக்கல. சொன்ன ஒடனே காலு எறங்கிருச்சு."

முப்பத்தொரு வருடம் அந்தத் தோட்டத்தில் உழைத்தாள். தோட்டத்தை வீடமைப்புக்காரனுக்கு விற்ற பிறகு நீலாயில் ஒரு தொழிற்சாலையில் கழிப்பறை கழுவினாள். மகளைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பினாள். சந்தையில் மீன்காரனோடு சண்டை, பஸ் கண்டக்டரோடு சண்டை, பக்கத்து வீட்டுச் சீனத்தியோடு வடிகால் சண்டை. ஆனால் பஸ்ஸில் முன் இருக்கை காலியாக இருந்தாலும் பின்னால் போய்த்தான் உட்காருவாள். யாராவது "இங்க உக்காருங்கம்மா" என்றால், "யாரு சீட்டு?" என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே வருவாள்.

அவள்தான் இப்போது விமானத்தில் முன் இருக்கை கேட்கிறாள்.

லோகேஸ்வரி போர்டிக்சனில் ஓர் எண்ணெய் ஆலையில் அளவுக்கருவிகளைப் பராமரிப்பவள். கணக்குப் போடாமல் எதையும் செய்யமாட்டாள். சாதாரண வகுப்பில் முதல் வரிசையைக் காட்டி, "இதுவும் முன்னாலதாம்மா, கால் நீட்டலாம்" என்றாள்.

"திரைக்கு முன்னாலயா பின்னாலயா?"

"பின்னால."

"அப்ப அது பின்னால."

காசு முத்தாயியுடையது. யாரிடமும் கேட்கவில்லை. லோகேஸ்வரி இருக்கை வரைபடத்தைத் திறந்து 1ஏ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். இடது ஜன்னல். இடது கண் பார்க்கும். விமானம் தென்கிழக்காகக் கிளம்பினால் அந்தப் பக்கம் எட்டாங்கட்டை தெரிய வாய்ப்புண்டு. மருந்தடித்துக்கொண்டே தலைக்கு மேல் எத்தனையோ விமானங்களைப் பார்த்தவள். ஒன்பதரை விமானம் போனால் தேத்தண்ணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தவள். மேலேயிருந்து அந்த இடத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று மகள் நினைத்தாள். "நம்ம தோட்டம் தெரியும்மா" என்றும் சொல்லிவிட்டாள்.

"எனக்கும் பக்கத்துலயே போட்டுறவா?"

"வேணாம். நீ பின்னால உக்காரு. நீ பக்கத்துல இருந்தா நான் உன்கூட வந்த கெழவியா ஆயிருவேன்."

லோகேஸ்வரிக்கு 5சி கிடைத்தது. திரைக்குப் பின்னால் முதல் வரிசை, நடைபாதை ஓரம்.

கல்யாணத்தன்று காலை முத்தாயி விமானத்துக்குள் தனியாகத்தான் போனாள். முன் இருக்கைக்காரர்களை முதலில் கூப்பிட்டார்கள். மகள் பின்னால் வரிசையில் நின்று, துணிப்பையோடு நிமிர்ந்து போகும் தாயின் முதுகைப் பார்த்தாள். அவள் ஏறியபோது முத்தாயி 1ஏயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலி. செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். கையில் ஆரஞ்சுச் சாறு. மகள் கடந்து போனபோது திரும்பிப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்தாள். லோகேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

திரை இன்னும் திறந்திருந்தது. ஐந்தாம் வரிசையிலிருந்து பார்த்தால் முதல் வரிசையில் நரைத்த கொண்டை தெரிந்தது.

பாதி ஆட்கள் ஏறிய பிறகு ஒரு தம்பதி வந்தார்கள். தமிழர்கள். அவர் டை கட்டியிருந்தார். மனைவி பட்டுச்சேலை. அவருக்கு 1சி, முத்தாயிக்குப் பக்கத்து இருக்கை. மனைவிக்கு மூன்றாம் வரிசையில் வலது ஜன்னல். அவர் குனிந்தார். குரல் தாழ்ந்த குரல் இல்லை.

"அம்மா தமிழ்தானே? ஒண்ணு பண்ணுங்க. மூணாவது வரிசை, அந்தப் பக்கம் ஜன்னல் சீட்டு. அங்க போயிருங்க. என் வைஃப் இங்க உக்காரட்டும். எல்லாம் ஒரே மாதிரி சீட்டுதான்."

அவர் முடிக்கவில்லை. முத்தாயி எழுந்து நின்றுவிட்டாள்.

லோகேஸ்வரி பார்த்தாள். யோசித்து எழுந்தவள் இல்லை. விட்டுக்கொடுத்து எழுந்தவளும் இல்லை. தோட்டத்தில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் இருட்டோடு நின்று, பேர் கூப்பிட்டதும் எந்தக் காட்டுக்கு என்று சொல்கிறார்களோ அந்தக் காட்டுக்கு நடந்த கால்கள் அவை. அங்கே ஏன் என்ற கேள்விக்கு இடம் கிடையாது. முதலில் நட, பிறகு வேண்டுமானால் முனகு. அழுத்தமானியை வருடக்கணக்கில் அழுத்தத்திலேயே வைத்திருந்தால், அழுத்தத்தை எடுத்த பிறகும் முள் பூஜ்யத்துக்குத் திரும்பாது. லோகேஸ்வரி அப்படிப்பட்ட கருவிகளைத் தினமும் கழற்றித் தூரப் போடுகிறவள்.

முத்தாயி துணிப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாம் வரிசைக்கு வந்தாள். வலது ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பட்டுச்சேலைக்காரி 1ஏயில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து உதட்டைப் பார்த்தாள்.

லோகேஸ்வரி பெல்ட்டைக் கழற்றினாள். எழ முடியவில்லை. நடைபாதை முழுக்க ஆட்கள். அவள் முகத்துக்கு நேரே ஒருவர் பெட்டியை மேலே திணிக்கப் போராடிக்கொண்டிருந்தார். "எக்ஸ்கியூஸ் மீ" என்றாள். அவர் காதில் விழவில்லை.

முத்தாயி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கம் வலது கண். கோழி மாதிரிக் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேராக உட்கார்ந்தாள். பிறகு தன் முழங்கால்களைக் குனிந்து பார்த்தாள். லோகேஸ்வரி கையில் கடிகாரம் இருந்தது. மூன்று நிமிடம்.

முத்தாயி எழுந்தாள். ஏறி வருகிற ஆட்களை எதிர்த்து, தோளால் இடித்துக்கொண்டு முன்னால் போனாள். முதல் வரிசைக்கு வந்து நின்றாள்.

"எறங்கு."

பட்டுச்சேலைக்காரி நிமிர்ந்தாள். "என்ன?"

"எறங்கும்மா. என் சீட்டு."

"எறங்குறதா? எங்க எறங்குறது, பிளேன்லேருந்தா?" புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க, இந்தம்மா என்னைய எறங்கச் சொல்லுது."

"ஏம்மா," என்றார் டை கட்டியவர். "நீங்களாத்தான எந்திரிச்சீங்க? யாரும் கையப் புடிச்சு இழுக்கலியே."

"நான் எந்திரிக்கல. என் காலு எந்திரிச்சிருச்சு. அதுக்கு அப்பிடிப் பழக்கம்."

"நல்லா இருக்கே கத. ஒரு மணி நேரம்கூட ஆவாது. இதுக்குப் போயிச் சண்டையா?"

"ஒரு மணி நேரம்கூட ஆவாதுல்ல? அப்ப ரெண்டு பேரும் போயி பின்னால உக்காருங்க."

பணிப்பெண் வந்து மலாயில் என்னவென்று கேட்டாள். முத்தாயி இடுப்பில் செருகியிருந்த பயணச்சீட்டை எடுத்து நீட்டினாள். "இனி சாயா புஞா," என்றாள். இது என்னுடையது. தோட்டத்தில் கற்ற மலாயில் அவளுக்குத் தெரிந்த வாக்கியங்கள் பல உண்டு. இந்த வாக்கியத்தை அவள் அதுவரை சொல்லி லோகேஸ்வரி கேட்டதில்லை.

பணிப்பெண் எண்ணைப் பார்த்துவிட்டுப் பட்டுச்சேலைக்காரியிடம் அவளுடைய இருக்கைக்குப் போகச் சொன்னாள். அவள் எழுந்தாள். வாசனைத் தைலம் நடைபாதையெல்லாம் வீசியது. டை கட்டியவர் காதில் விழும்படியே முனகினார்:

"தோட்டத்து ஆளுங்கள முன்னால விட்டா இப்பிடித்தான்."

முத்தாயி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

"ஆமா. எட்டாங்கட்ட தோட்டம். நீங்க எந்தத் தோட்டம்?"

அவர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு டை கட்டியவர்கள் பலரிடம் பதில் உண்டு. சொல்லத்தான் மாட்டார்கள்.

பணிப்பெண் திரையை இழுத்தாள்.

விமானம் தரையை விட்டு எழும்பியதுமே வெயில் வலது பக்கத்து ஜன்னல்களில் அடித்தது. லோகேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. காலை வெயில் வலப்பக்கம் என்றால் விமானம் வடமேற்காகக் கிளம்பியிருக்கிறது. இடது ஜன்னலில் தெரிவது கடல். எட்டாங்கட்டை பின்னால் எங்கோ கிடக்கிறது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிராகத்தான் விமானம் கிளம்பும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பினாங்கில் இறங்கியதும் முத்தாயி வாசலில் காத்திருந்தாள்.

"எப்பிடிம்மா இருந்துச்சு?"

"ஜூஸு புளிச்சிச்சு. சூடா துண்டு குடுத்தான், மூஞ்சத் தொடைக்க. அந்தாளு கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பல. அது நல்லாருந்துச்சு."

"தோட்டம் தெரிஞ்சிருக்காதே. காத்து மாறிருச்சும்மா. என் கணக்கு தப்பு."

"கடலுதான் தெரிஞ்சிச்சு." முத்தாயி நடந்துகொண்டே சொன்னாள். "தோட்டத்தப் பாக்கவா நான் முன்னால உக்காந்தேன்? முப்பத்தொரு வருஷம் பாத்தது பத்தாதா? நல்ல கணக்குப் போட்ட போ."

டாக்சி பிடித்தார்கள். பாலத்தின் ஓரம் கண்ணில் பட்டபோது திடீரென்று சொன்னாள்:

"எந்திரிச்சிட்டேன் பாத்தியா."

"ஒடனே திரும்பி வந்துட்டியேம்மா."

"எந்திரிச்சிட்டேன்ல."

அவள் முகத்தில் வெற்றி கிடையாது. கிராணி மேல் இருந்ததைவிட அதிகமான கோபம் அவளுக்குத் தன் கால்கள் மேல் இருந்தது.

மண்டபத்துக்கு ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வேன் வந்திருக்கவில்லை. தாப்பா பக்கம் நெடுஞ்சாலையில் லோரி கவிழ்ந்து ஒரு மணி நேரம் நின்று போனதில் தாமதமாம். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெரியம்மா என்று பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி வரவேற்றார்கள். முத்தாயி சந்தனம் தொட்டுக்கொண்டாள். நேராகப் போய் முதல் வரிசையில், மணவறைக்கு எதிரே உட்கார்ந்தாள். லோகேஸ்வரி பக்கத்தில் உட்காரப் போனாள்.

"பின்னால," என்றாள் முத்தாயி. மகள் இரண்டாம் வரிசையில், தாய் பக்கவாட்டில் தெரியும்படி ஓரமாக உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது. கசங்கிய சட்டையும் சிவந்த கண்ணுமாகக் குணாளன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் சீர்த்தட்டுகள். நேரே பார்த்தார். முதல் வரிசையில் விதவை அண்ணி.

"அண்ணி. எந்திரிச்சுப் பின்னால போங்க. சீர் உள்ள வருது."

மேளம் நின்றிருந்த நேரம். மண்டபத்துக்கே கேட்டது. இரு வீட்டாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லோகேஸ்வரி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்கால்களைப் பார்த்தாள். சேலைக் கொசுவம் ஆடியது. குதிகால் தரையிலிருந்து எழும்பியது. கால்கள் கிளம்பிவிட்டன. முத்தாயி இரண்டு கைகளாலும் முழங்கால்களைப் பிடித்து அமுக்கினாள். கை நரம்புகள் புடைத்தன. குதிகால் தரைக்கு வந்தது.

"போவ மாட்டேன்."

"சகுனம் பாக்க வேணாமா அண்ணி? பையன் வாழ்க்க."

"சகுனம் பாக்குறவன் நேரத்தோட வந்திருக்கணும். நான் ஒன்பதேகாலுக்கே வந்துட்டேன். ஒண்ணும் ஆவல. வேன்லதான் ஆயிருக்கு."

பெண் வீட்டு ஆள் ஒருவர் குபுக்கென்று சிரித்துவிட்டார். வசந்தன் வியர்வையோடு, "அப்பா, விடுங்க லா, நேரமாச்சு" என்றான். தனலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சீர்த்தட்டுகள் ஒவ்வொன்றாக முத்தாயியின் முகத்துக்கு முன்னால் கடந்து போயின. அவள் எல்லாத் தட்டையும் பார்த்தாள். தாலி கட்டி முடிகிறவரை முழங்கால்களிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதோடு உறவு அறுந்தது. குணாளன் பேசவில்லை. தீபாவளிக்கு முறுக்கு டின் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து லோகேஸ்வரியை நீக்கினார்கள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் வசந்தன் மோட்டாரிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அன்று மழை, சாலையில் எண்ணெய். அதெல்லாம் கணக்கில் வரவில்லை. "முன்னால உக்காந்தாளே மகராசி" என்று தனலெட்சுமி சிரம்பான் கோயிலில் வைத்து நாலு பேர் கேட்கச் சொன்னாள். அந்த நாலு பேர் யாரென்று முத்தாயிக்குக் கடைசியில் தெரிந்துவிட்டது.

அதற்கும் அவள் அசையவில்லை. லோகேஸ்வரிதான் அசைந்தாள்.

"ஒரு போன் பண்ணி நல்லா இருக்கானான்னு கேளும்மா."

"அவன் பண்ணட்டும்."

"உனக்கு யாரு இருக்கா, சொல்லு? நான் ஷிப்டுக்குப் போனா வூட்டுல நீ மட்டுந்தான். ஒரு சீட்டுக்காக எல்லாரையும் வெரட்டிட்ட."

முத்தாயி மகளைப் பார்த்தாள். இடது கண்ணால். "ஆமா," என்றாள். அன்று நாலு மீன் பொரிகிற நேரத்தைவிட நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள்.

அந்தப் பேச்சு நடந்து பதினோராம் நாள். லோகேஸ்வரி காலை ஷிப்டில் இருந்தாள். பக்கத்து வீட்டுச் சீனத்தி, வடிகால் சண்டைக்காரி, போன் செய்தாள். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றாள். மூளையில் ரத்தக்கசிவு. டாக்டர் உயிர் போன நேரம் என்று ஒரு நேரத்தைச் சொன்னார். வலித்திருக்காது என்றார். அதை எந்தக் கருவியால் அளந்தார் என்று லோகேஸ்வரி கேட்கவில்லை.

குணாளன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் நின்று, யார் எதைச் செய்ய வேண்டும் என்று பிரிக்க ஆரம்பித்தார். பந்தலுக்கு ஓர் ஆள், தேத்தண்ணிக்கு ஓர் ஆள். கொள்ளி வசந்தன் வைக்கட்டும் என்றார். அவனுக்கு இன்னும் கைக்கட்டு அவிழவில்லை. லோகேஸ்வரி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. தேங்காய் எங்கே என்று கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தாள். அம்மாவின் நல்ல சேலை எது என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தாள்.

சவ வண்டி வந்தது. பின்னால் பெட்டி வைக்கும் இடம், பக்கத்தில் நீளமாக ஒரு பலகை. முன்னால் டிரைவர், அவருக்கு இடப்பக்கம் ஓர் இருக்கை. பெட்டியை ஏற்றினார்கள்.

"பொம்பளைங்க இதோட நின்னுக்குங்க," என்றார் குணாளன். "லோகா, நீயும்தான். உள்ள போம்மா." சொல்லிவிட்டு முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

லோகேஸ்வரி நடந்து போய், அவர் மூடிய கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க சித்தப்பா."

"என்ன?"

"எறங்குங்க."

"லோகா, இது சாவு வூடு. கத்தாத."

"நான் கத்தல."

உண்மை. அவள் கத்தவில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்று சொல்லும் குரல் அது. கை கதவில் இருந்தது. கதவு திறந்திருக்கும்வரை வண்டி கிளம்ப முடியாது. டிரைவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பெண்களின் அழுகை நின்றுவிட்டது. தனலெட்சுமி, "என்னடி இது அநியாயம்" என்றாள். லோகேஸ்வரி திரும்பவில்லை.

குணாளன் அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். ஒரு காலைக் கீழே வைத்தார். அடுத்த காலையும் வைத்தார்.

"ஆத்தா மாதிரியேதான்," என்றார். வசவாகத்தான் சொன்னார். "எல்லாரையும் வெரட்டிட்டுத் தனியா கெடந்து சாவு."

லோகேஸ்வரி கதவை அறைந்து சாத்தினாள். அந்த இருக்கையில் அவளும் உட்காரவில்லை. பின்னால் போய், ஆண்கள் ஏறுவதற்கு முன் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, முன்னால யாரும் வரலியா?" என்றார் டிரைவர்.

"ஆள் இருக்கு. வண்டிய எடுங்க."

சிரம்பான் மின்சுடலைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. முன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை.